அம்சவல்லி கையெழுத்துப் போட்ட கடிதம்

அம்சவல்லியின் கதையைச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அடக்கத்துக்காகச் சொல்லும் பேச்சு இல்லை இது, படித்து முடித்தால் உங்களுக்கே புரியும். ஆனால் அவளுக்கு நடந்ததை ஆதியோடந்தமாகத் தெரிந்தவள் இந்த டவுன்ஷிப்பில் நான் ஒருத்திதான். அதனால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் ஜுலைகா. நெய்வேலி பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் என்று என்னென்னவோ போட்டிருந்தாலும், என்னைத் தேடி வருகிறவர்கள் மனு எழுதத்தான் வருவார்கள். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறேன். குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது, பென்ஷன் வரவில்லை, கான்ட்ராக்ட்டில் பதினான்கு வருஷம் ஓடியும் பெர்மனென்ட் ஆகவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையைத் திருப்பிவிட்டான். எதுவானாலும் என் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ போகும். என்னை 'டைப்பக்கா' என்று கூப்பிடுவார்கள். நான் அடித்த மனுவை எந்த ஆபீசிலும் 'சரியில்லை' என்று திருப்பியது கிடையாது. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. கொஞ்சமில்லை, நிறையவே உண்டு.

அம்சவல்லி பஜார் தெருவைக் கூட்டுகிறவள். கான்ட்ராக்ட் வேலை. சொந்த ஊர் வளையமாதேவிப் பக்கம். இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே புருஷன் கலியமூர்த்தி மஞ்சள்காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. நிலத்துக்கு வந்த பணத்தில் கொழுந்தன்மார் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதை வைத்து, வடக்குத்து ஊரைத் தாண்டிப் புதிதாக மனை பிரித்த ஒரு நகரில் ஒரு துண்டு இடம் வாங்கி வீடு கட்டினாள். ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே ஷீட்டு. அவ்வளவுதான் வீடு. ஆனால் பட்டா அவள் பேரில் இருந்தது. காரணமே இல்லாமல் ஆறு மாசத்துக்கு ஒருதரம் அந்தப் பட்டாவைக் கொண்டுவந்து ஜெராக்ஸ் எடுப்பாள்.

"ஏற்கெனவே நாலு காப்பி இருக்கேடி" என்பேன்.

"இருக்கட்டுங்கக்கா. எம் பேரு அதுல பாக்க நல்லாருக்கு" என்பாள்.

வாய் ஓயாமல் பேசுவாள். பத்து மணி டீக்கு என் கடை வாசலில் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றால், மைன்ஸ் முதல் மார்க்கெட் வரை எல்லாச் சேதியும் வந்துவிடும். எனக்கும் அது வேண்டியிருந்தது. கடையில் தனியாகக் கிடக்கிறவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள், அவள் ஒரு பெரிய சாக்குப் பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். எல்லாப் பழத்திலும் குங்குமம். நெய்வேலியில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? பஸ், லாரி, ஜீப், ஆட்டோ, ஓட்டை சைக்கிள் வரைக்கும் சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து ஏற்றுவார்கள். பாதிப் பழம் நசுங்கும், பாதிப் பழம் உருண்டு ஓடிவிடும். மறுநாள் தெருவைக் கூட்டுகிறவர்கள் அதையெல்லாம் குப்பையில் தள்ளுவார்கள். திருஷ்டி கழித்த பழம், தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். அம்சவல்லி தொட்டாள்.

"நசுங்காத பழத்த எதுக்குக்கா குப்பைல போடணும்? கழுவுனா குங்குமம் பூடுது. ஊறுகா போட்டா ஒரு வருசத்துக்கு வரும்" என்றாள்.

நான் சிரித்தேன். பத்து நாள் கழித்து எனக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் வந்தது. அவளுடைய தெருவிலும் நாலைந்து வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். அதில் ஒரு வீடு விஜயலட்சுமியின் வீடு. இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

விஜயலட்சுமியின் மகன் அறிவழகன் கான்ட்ராக்ட் தொழிலாளி. பல வருஷம் காத்திருந்து பெர்மனென்ட் லிஸ்டில் அவன் பெயர் வந்திருந்தது. மெடிக்கல் பரிசோதனைக்குப் போக வேண்டிய வாரத்தில், ஐப்பசி மழையில் பைக் வழுக்கி விழுந்து அவனுக்குக் கால் உடைந்துவிட்டது. மெடிக்கலுக்குப் போக முடியவில்லை. லிஸ்ட் அவனை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய அடி இங்கே கிடையாது. அந்த அம்மாளின் வயிற்றெரிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் யாரோ, அம்சவல்லி வீட்டுப் பின்பக்கம் குங்குமம் தடவிய பழங்களைச் சாக்கோடு பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊறுகாய் சாப்பிட்ட வீடுகளில் இன்னொன்றில் மாடு செத்திருந்தது. தனியாக இருக்கிற பெண், புருஷனைத் தின்றவள், பிள்ளை இல்லாதவள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. செய்வினை வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஏழெட்டுப் பேராக என் கடைக்கு வந்தார்கள். விஜயலட்சுமி அழுதுகொண்டே சொன்னாள்.

"சூனியக்காரின்னு எழுதுங்கக்கா. எம் புள்ள வாழ்க்கையையே முடிச்சிட்டா. அவள இந்தத் தெருவ வுட்டே அனுப்பணும்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பழம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். பஜாரிலிருந்து வந்தது, அவள் என் கடை வாசலில் நின்று காட்டிவிட்டுப் போனது. அதைச் சொல்லியிருந்தால் அங்கேயே பாதிப் பேர் கலைந்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மனு எழுதுகிறவள் சாட்சி அல்ல, கட்சிக்காரர் சொல்வதை எழுதிக் கொடுப்பது மட்டும்தான் அவள் வேலை. அந்த வழக்கத்தின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. 'சூனியம்' என்று எழுதினால் ஸ்டேஷனில் சிரித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் மனு திரும்பி வருவதா? அதனால் யோசித்து யோசித்து எழுதினேன். 'மர்மமான முறையில் சேகரித்த பொருட்களை உணவில் கலந்து, கெட்ட எண்ணத்துடன் அண்டை வீட்டாருக்கு வழங்கி, தெருவின் பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்து வருவதால்' என்று ஒரே மூச்சில் அடித்தேன். படித்துக் காட்டியபோது விஜயலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டாள். வந்தபோது அவர்களிடம் இருந்தது ஒரு சந்தேகம்தான். போகும்போது புகார் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்சவல்லி கொடுத்த ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன். பாதி தீர்ந்திருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று நாலு பேரிடம் சொல்கிறவள் நான். ஐந்து வேளை தொழுகிறவள். இருந்தும் மீதியைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இதை எழுதும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஸ்டேஷனில் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த எஸ்.ஐ. நல்ல மனிதர்தான். சூனியமாவது மண்ணாவது என்று நினைக்கிறவர். ஆனால் மனு பதிவாகி ரசீது கொடுத்தாகிவிட்டது, அதை எப்படியாவது முடிக்க வேண்டும். "எழுதிக் குடுத்துட்டுப் போம்மா" என்று அம்சவல்லியை அனுப்பிவிட்டார். இங்கே பாதிச் சண்டைகள் அப்படித்தான் முடியும். யாராவது ஒருவர் சமாதானக் கடிதம் எழுதிக் கொடுப்பார், ஸ்டேஷனில் சீல் வைத்து வாங்கிக்கொள்வார்கள், ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

அந்தக் கடிதத்தை எழுத அம்சவல்லி யாரிடம் வருவாள்? என்னிடம்தான் வந்தாள். புகாரை அடித்ததும் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் கம்ப்யூட்டரில் 'சமாதானம்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. குடித்துவிட்டு அடித்துக்கொண்டவர்கள், ஆட்டை அடுத்தவன் கொல்லையில் மேயவிட்டவர்கள், எல்லோருக்கும் அதே கடிதம்தான். பெயர், ஊர், தேதியை மட்டும் மாற்றுவேன். அன்றும் மாற்றினேன். 'தெரிந்தோ தெரியாமலோ என்னால் மேற்படி குடும்பத்தாருக்கு ஏற்பட்ட பாதிப்புக்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதுபோன்ற செயலில் இனி ஈடுபட மாட்டேன் என்று யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன்.'

படித்துக் காட்டினேன். அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், வாசிக்க வராது.

"நான் ஒண்ணும் பண்ணலன்னு போடுங்கக்கா" என்றாள்.

"அப்படிப் போட்டா கேஸ் முடியாதுடி. அவங்க விடமாட்டாங்க. கோர்ட்டு, வாய்தான்னு அலைவியா? இதுல கையெழுத்துப் போட்டா இன்னிக்கே முடிஞ்சிடும். நாளைக்கு யாரு இதைப் பாக்கப் போறா?"

"உங்களுக்குந்தான் ஒரு பாட்டிலு குடுத்தேன். நீங்க சாப்ட்டுகினுதான இருக்கீங்க? அதையாவது எஸ்.ஐ. கிட்ட சொல்லுங்களேன்."

"சொல்றேன், சொல்றேன். நீ போடு" என்றேன்.

போட்டாள். 'அம்சவல்லி' என்று ஒவ்வொரு எழுத்தாக, பட்டாவில் இருக்கிற அதே பெயர். நான் எஸ்.ஐ.யிடம் போகவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அன்று மாலையே விஜயலட்சுமி வீட்டாள் ஒருத்தி, ஸ்டேஷன் சீல் வைத்த நகலோடு வந்து மூன்று லேமினேஷன் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பளபளவென்று போட்டு, மூலைகளை வட்டமாக வெட்டிக் கொடுத்தேன். மூலை குத்தாமல் வெட்டிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம்.

ஒன்றைத் தெருக்குழாய்க் கம்பத்தில் கட்டினார்கள். ஒன்று விஜயலட்சுமி வீட்டில் இருந்தது. இன்னொன்று அம்சவல்லியின் கான்ட்ராக்ட் சூப்பர்வைசரிடம் போனது. அதுவரைக்கும் தெருவில் நம்பாதவர்களும் இருந்தார்கள். "சே, அந்தப் பொம்பள அப்படியில்ல" என்று சொன்னவர்கள் உண்டு. கடிதம் வந்த பிறகு அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள், கவர்ன்மென்ட் சீல் இருக்கிறது, இனி என்ன பேச்சு? அவள் தொட்ட குழாயைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். கூட வேலை செய்கிற பெண்கள் அவளோடு ஒரே வண்டியில் ஏற மாட்டோம் என்றார்கள். சூப்பர்வைசர், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். வீட்டை விற்றுவிட்டுப் போய்விடு என்று தெருக்காரர்கள் நேராகவே கேட்க ஆரம்பித்தார்கள்.

அவள் மறுபடி என்னிடம் வந்தாள். "நான் எதும் பண்ணலன்னு ஒரு லெட்டரு எழுதிக் குடுங்கக்கா. அதையும் கம்பத்துல கட்டிடறேன். வூட்ட மட்டும் வுடமாட்டேன். அது ஒண்ணுதான எனக்கு இருக்கு."

எழுதுவது சுலபமில்லை. முதல் கடிதம் பொய் என்று சொன்னால், அந்த வார்த்தைகள் யாருடையவை என்று சொல்ல வேண்டும். 'இவள் சொல்லாததை நானே அடித்தேன், வாசிக்கத் தெரியாதவளிடம் கையெழுத்து வாங்கினேன்' என்று நான் என் பெயர் போட்டுப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இருபத்தாறு வருஷக் கடிதங்களும் சந்தியில் நிற்கும். அப்புறம் எவன் என் கடைக்கு வருவான்? முதல் நாள் நெட் இல்லை என்றேன். அடுத்த தடவை நோட்டரி ஊரில் இல்லை என்றேன். மூன்றாவது தடவை கடையில் கூட்டமாக இருந்தது. அவளைக் கண்டதும் ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து அந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன். அம்சவல்லி ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை.

பொங்கல் லீவுக்கு என் மகள் இர்ஃபானா வந்தாள். விழுப்புரத்தில் சட்டம் படிக்கிறாள். பரீட்சைக்கு ஏதோ வாசித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "அம்மா, ஐரோப்பாவுல நானூறு வருஷத்துக்கு முன்னாடி சூனியக்காரின்னு பொம்பளைங்களைக் கொன்னாங்கல்ல, கும்பல் கூடித்தான் கொன்னாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். இல்லையாம். பெரும்பாலும் கோர்ட்டுதானாம். புகார் வாங்கி, சாட்சி விசாரிச்சு, கேள்வியெல்லாம் முன்னாடியே எழுதி வச்சு, 'ஆமா'ன்னு சொல்ற வரைக்கும் சித்திரவதை பண்ணி, வாக்குமூலத்தை அழகா எழுதி வச்சிருக்காங்க. கேள்வி ஒண்ணா இருந்ததால ஊருக்கு ஊர் வாக்குமூலமும் ஒரே மாதிரி இருக்குமாம்" என்றாள்.

"யாரு எழுதினது?" என்று கேட்டேன்.

"யாரோ குமாஸ்தா. அவன் பேரை எல்லாம் யாரு பாக்கறா?"

அம்சவல்லியை யாரும் அடிக்கவில்லை, கட்டி வைக்கவில்லை. வெயிலில் நடந்து வந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் நீட்டிய பேனாவில் கையெழுத்துப் போட்டாள். அவளைச் சம்மதிக்க வைத்தவள் நான். எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன், சாக்கடையில் கொட்டியதைத் தவிர. அதைச் சொல்ல இரண்டு நாள் ஆனது. இர்ஃபானா என்னைத் திட்டவில்லை. "எழுதும்மா" என்றாள், அவ்வளவுதான். பெற்ற பிள்ளை நம்மை நிமிர்ந்து பார்க்காமல் பேசுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பிரமாணப் பத்திரத்தை எழுதினேன். பழம் எங்கிருந்து வந்தது, மன்னிப்பு வார்த்தைகள் யாருடையவை, அவள் என்ன எழுதச் சொன்னாள், நான் என்ன எழுதினேன், எல்லாவற்றையும் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். எஸ்.ஐ. இரண்டு தரம் படித்தார்.

"ஏங்க, அதையும் நீங்கதான அடிச்சீங்க? இதையும் நீங்கதான் அடிச்சிருக்கீங்க. நான் எதைங்க நம்பறது?" என்றார். சீல் வைத்து வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக அவளுடைய தெருவுக்குப் போனேன். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுத் தை பிறந்ததும் போய்விட்டாளாம். வேலிக்கு அந்தப் பக்கம் விஜயலட்சுமி நின்றாள். பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். அவளுக்கு முகம் செத்துவிட்டது.

"அந்தப் பழம் பஜாரு பழம்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"அப்ப ஏங்க்கா எங்களுக்கு எழுதிக் குடுத்தீங்க?"

தெருக்குழாய் வரைக்கும் நடந்தேன். கம்பத்தில் கடிதம் இன்னும் கட்டியிருந்தது. அத்தனை மழை பெய்தும் ஒரு எழுத்து அழியவில்லை. கயிற்றை அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

அம்சவல்லி குள்ளஞ்சாவடியில் இருப்பதாகத் தெரிந்து அடுத்த வாரம் பஸ் ஏறிப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு முந்திரி உடைக்கிற ஷெட்டில் வேலை செய்கிறாள். முந்திரிக்கொட்டைத் தோலின் பால் பட்டுக் கையெல்லாம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள், ஆனால் கிட்ட வரவில்லை. பேச்சு குறைந்திருந்தது.

பத்திரத்தை எடுத்து வரி விடாமல் படித்தேன். கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு, வீட்டைத் திரும்ப வாங்க வழியிருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்கலாம், இர்ஃபானா கூட வருவாள் என்றேன்.

"வூடு போனது போவட்டுங்கக்கா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நெசமா சொல்லுங்க. எனக்கே தெரியாம நான் எதாச்சும் பண்ணிட்டனா?"

"என்னடி பேசற? இவ்வளவு நேரம் என்ன படிச்சேன்?"

"இல்லக்கா. இது நீங்க என்மேல பாவப்பட்டு எழுதனது. அது அப்பவே எழுதனது. நீங்க எவ்ளோ மனு எழுதனவங்க, ஒண்ணும் இல்லாமலா 'தெரிந்தோ தெரியாமலோ'ன்னு போட்டிருப்பீங்க? அந்தப் புள்ளைக்குக் கால் ஒடைஞ்சது நெசந்தான? நான் யோசிச்சி யோசிச்சிப் பாத்துகினே இருக்கேன். எங்கியோ என் கைலதான் எதோ இருக்கு."

இல்லை, இல்லை என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், என்னைச் சமாதானப்படுத்துகிறவள்போல. வெயிலில் வந்த எனக்கு நாக்கு வறண்டிருந்தது. ஷெட்டு மூலையில் அவளுடைய தண்ணீர்க்குடம் இருந்தது. "ஒரு செம்பு தண்ணி குடுடி" என்றேன்.

குடத்தின் பக்கம் திரும்பியவள் நின்றுவிட்டாள்.

"என் கையால வேணாங்கக்கா" என்றாள். "உங்களுக்கு எதனா ஆச்சின்னா நான் தாங்கமாட்டேன். இருங்க, எதுத்தாப்புல டீக்கடை இருக்கு. அந்த அண்ணன எடுத்துகினு வரச் சொல்றேன்."

டீக்கடைக்காரர் கொண்டுவந்து என் கையில் நேராகக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் அம்சவல்லி நாலு அடி தள்ளியே நின்றுகொண்டிருந்தாள்.